நிற்காமல் போக ஒரு காயில்

என் அப்பாவைத் தண்ணீரில் இறக்கித்தான் கொண்டுபோனோம்.

எங்கள் காலனிக்கு இடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். ஊர்த்தெரு வழியாகப் போனால் பாலம் ஏறி இறங்கி நேராகப் போய்விடலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது நாங்கள் பால் ஊற்றவும் பஸ் பிடிக்கவும் நடக்கிற அந்தத் தெருவில், செத்த பிறகு எங்களுக்கு வழி கிடையாது. கரைக்குக் கீழே வாய்க்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும், தொந்தரவில்லை. அப்பா செத்தது கார்த்திகையில். மார்பு வரைக்கும் தண்ணீர். முன்பக்கம் தூக்கியவருக்குச் சேற்றில் கால் வழுக்கி, பாடை சரிந்து, அப்பா நழுவி வாய்க்காலுக்குள் போய்விட்டார். குடம் அண்ணன் தூக்க, நான் பின்பக்கத் தோள். மூங்கில் சட்டென்று லேசானதை இன்னும் என் தோள்பட்டை மறக்கவில்லை. மாலை தனியாக மிதந்து போனது. அப்பாவை எடுத்து, முகத்துச் சேற்றை வழித்துவிட்டு, மறுபடி கட்டி, அந்தக் கரை ஏற்றினோம்.

பெண்கள் எல்லாரும் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் என் சித்தியும் ஒருத்தி. அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது சித்தி சொன்னாள்: "நான் செத்தா என்னை அந்தத் தண்ணியில மட்டும் எறக்காதீங்க. வூட்டாண்டயே குழி வெட்டினாலும் சரி."

சித்தப்பா கல் குவாரியில் டிப்பர் ஓட்டியவர். அதிகம் பேசாத ஆள். அந்த வருஷம் மழை விட்டதும் திண்டிவனத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெட்ரோல் ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பின்னால் இருந்த சீட்டைப் பிடுங்கிவிட்டு, ஆளை நீட்டிப் படுக்கவைக்கிற அளவுக்குத் தகடு அடித்தார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு நாலு மாசம் கழித்து சித்திக்கு வயிற்றில் கட்டி என்று பாண்டிச்சேரியில் சொன்னார்கள். முற்றிவிட்டது, கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்கள்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ. திண்டிவனத்தில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிற கடையில் சர்வீஸ் வேலை. ஜீப்பைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. அது ஆறு வோல்ட் வண்டி. ஹெட்லைட் சிம்னி விளக்கு மாதிரி எரியும். செல்ப் எடுத்தால் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆறு வோல்ட் பேட்டரிக்கு ஊர் ஊராக அலையணும். "மொத்தத்தையும் பன்னெண்டு வோல்ட்டுக்கு மாத்திடலாம் சித்தப்பா" என்றேன். "எது பண்ணினாலும் நிக்கக்கூடாதுப்பா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

நிற்கக்கூடாது என்பதற்கு அப்போதே ஒரு அர்த்தம் இருந்தது. காலனியிலிருந்து தாலுகா ஆபீசுக்கு மனு போட்டு, மூன்று தடவை இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியிருந்தார்கள். கடைசியில் ஊர்த்தரப்பில் ஒருவர், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிற மாதிரி சொன்னார்: "போங்க, நாங்க வேணாங்கல. தோள்ல தூக்கினு போறது வேணாம். வண்டியில போங்க. மேளம் வேணாம், பட்டாசு வேணாம். வண்டி உருண்டுக்கினே இருக்கணும். எங்க வாசல்ல எங்கயும் நிக்கக்கூடாது. நின்னுச்சின்னா அதோட சரி."

ஆக, எங்களுக்குக் கிடைத்த வழி ஒரு இன்ஜினை நம்பி இருந்தது.

டைனமோ, பல்பு, ஹார்ன் எல்லாம் மாற்றுவது வெறும் வேலை. யோசிக்கவேண்டியது காயில்தான். பேட்டரியின் கொஞ்ச வோல்ட்டை வாங்கி ஆயிரக்கணக்கில் ஏற்றி பிளக்கில் பொறியாகத் தட்டிவிடுகிற டப்பா அது. அது போனால் இன்ஜின் போச்சு. பழைய காயிலின் உள்சுற்று ஒன்றரை ஓம். ஆறு வோல்ட்டுக்கு அது அளவு. அதை அப்படியே பன்னிரண்டில் கொடுத்தால் இரண்டு மடங்கு கரண்ட் குடித்து வெந்துபோகும். காயிலுக்குப் போகிற கரண்ட்டை மூடி மூடித் திறக்கிற பிளாட்டினம் பாயிண்டும் கருகிவிடும். நடுவில் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு பழையதையே ஓட்டலாம். அது ஒரு வழி. இல்லையென்றால் இப்போது வருகிற, பொறி தெறிக்கிற ஹை-அவுட்புட் காயில். எனக்கு அதன்மேல்தான் ஆசை. போனில் அதைப் பற்றி எத்தனை வீடியோ பார்த்தேன் என்று கணக்கில்லை. நீல நிறத்தில் பொறி இவ்வளவு நீளத்துக்குப் பாயும். மூன்றாவது, மூன்று ஓம் உள்ள சாதாரணப் பன்னிரண்டு வோல்ட் காயில். ரெசிஸ்டர் வேண்டாம், அலட்டல் இல்லை, பொறியும் சுமார்.

சித்தி வேப்பமரத்தடியில் நைலான் கட்டிலில் படுத்தபடி நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காகத்தான் இந்த வண்டி தயாராகிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பேச்சை மாற்றுவேன், அவள் விடமாட்டாள்.

"இன்னாடா இன்ஜினியரு, என் வண்டி ரெடியா?"

"காயில் வாங்கணும் சித்தி."

"அது இன்னா பண்ணும்?"

"கொஞ்சம் கரண்ட்ட வாங்கிக்கினு பெருசா அடிச்சி விடும்."

"உங்க சித்தப்பனுக்கு நேர் எதிரு. எவ்ளோ குடுத்தாலும் உள்ளயே வச்சிக்கினு உக்காந்திருக்கும்."

சித்தப்பா கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டே, "பேச்ச கொற, இருமல் வரும்" என்றார். சொன்ன மாதிரியே வந்தது. இருமி முடித்துவிட்டு, "நான் ஜல்தி கெளம்பிட்டன்னா இவன் காயில தேடிக்கினே இருப்பான். அப்புறம் என்னைத் தண்ணியில தான் எறக்குவீங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

விழுப்புரத்துக்குப் போனேன். பாக்கெட்டில் மல்டிமீட்டர். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒவ்வொரு காயிலாக அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரண்டு முனையிலும் முள்ளை வைத்து ஓம் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்ளோ பாக்கமாட்டான். ஒண்ணத் தூக்கினு கெளம்பு."

"மேல ஒண்ணு போட்டிருக்கான், உள்ள வேற இருக்குது அண்ணே. இது ஒன்றரை காட்டுது."

"பொறி நல்லா இருக்கும். பசங்க எல்லாம் இதத்தான் வாங்கினு போறாங்க. வண்டி பறக்கும்."

"என் வண்டி பறக்கவேண்டியது இல்ல."

"அப்ப இன்னா வண்டி அது?"

சொன்னேன். அவர் உள்ளே போய், தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று ஓம். கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றேன். நீலப்பொறி காயிலைக் கீழே வைக்க மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எங்கள் வண்டி நடக்கிறவர்கள் பின்னால் நடக்கவேண்டிய வண்டி. காற்று வாங்காமல், மெதுவாக, வெயிலில். சூடாகாத காயில்தான் வேண்டும். சுமாரானதை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் வாங்குவேன்.

மாட்டியதும் முதல் தொடலிலேயே இன்ஜின் எழுந்தது. சித்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்னையும் ஏத்து" என்றாள்.

திண்டிவனத்துக்கு ஊசி போட அந்த ஜீப்பில்தான் போனோம். தகட்டுமேல் மெத்தை போட்டு, சித்தி சாய்ந்துகொண்டு வந்தாள். தூரத்தில் பெருமுக்கல் மலை தெரிந்தபோது, "கல்யாணமான புதுசுல அங்க ஏறினோம். உங்க சித்தப்பன் பாதியில உக்காந்துட்டாரு" என்றாள். முன்னால் சித்தப்பா காதில் விழாத மாதிரி ஓட்டினார். வண்டி ஒரு இடத்தில்கூட இருமவில்லை.

ஆனால் ரோட்டில் ஓடுவது வேறு, எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு நாள், நல்ல மே மாசத்து வெயிலில், ஏரிக்கரைமேல் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். குடம் தூக்குகிறவன் இடத்தில் முன்னால் நான் நடந்தேன். சித்தி உள்ளே உட்கார்ந்திருந்தாள், வேண்டாம் என்றால் கேட்கவில்லை. எனக்குப் பரபரப்பு. காயில் சூட்டைத் தொட்டுப் பார்க்கணும், அந்த முனைவரை போய்த் திரும்பணும், எட்டிப் போட்டு நடந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது: "டேய், மெதுவா போடா! பொணத்துக்கு இன்னா அவசரம்?"

சித்தப்பா ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பானெட்டைத் திறந்து காயிலில் கை வைத்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தது.

ஐப்பசி கடைசியில், வாய்க்கால் நிறைந்து ஓடும்போது, விடிகாலையில் சித்தி போய்விட்டாள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஜீப் இருக்கிறது, காயில் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

சித்தப்பாவுக்கு ஒரே பெண், அக்கா. மகன் இல்லாததால் செய்முறை எல்லாம் நான். எங்கள் வகையறாவில் நீர்க்குடம் வீட்டிலிருந்தே போகவேண்டும். செத்தவர் கடைசியாகக் குடித்த பானையிலிருந்து மொண்டு, தோளில் வைத்து, குழிக்கரையைச் சுற்றிக் கொட்டி உடைக்கும்வரை கீழே இறக்கக்கூடாது. அதைத் தூக்கியவன் எந்தத் திக்கில் நிற்கவைக்கிறார்களோ அதே திக்கில் நிற்கவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது. குளித்து, ஈர வேட்டியோடும் ஈரத் துண்டோடும் என்னை வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

திருவாமாத்தூர் பக்கம்தான் சித்திக்குப் பிறந்த வீடு. அவளுடைய அண்ணன் தம்பிகள், எனக்கு மாமா முறை, கோடிப் புடவையோடு லைட் செட்டும் சவுண்டு செட்டும் கொண்டுவந்தார்கள். பிறந்த வீட்டு மரியாதை, யாரும் மறுக்க முடியாது. நான் பச்சை ஓலையில் உட்கார்ந்து எள்ளும் அரிசியும் இறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டியைச் சுற்றி மாமன்கள் சீரியல் பல்பு கட்டினார்கள், மேலே ஸ்பீக்கர் வைத்தார்கள். ஜீப் தேர் மாதிரி ஆகிவிட்டது. "எங்க தங்கச்சி மகாராணி மாதிரி போவட்டும்" என்று மூத்த மாமா யாரிடமோ சொல்வது கேட்டது.

ஊர்த்தெருவுக்கு முன்னால் ஒரு மதகு. பாதி வழி அதுதான். அங்கே இறக்கி வைத்து, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி ஏற்றுவது வழக்கம். வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள் இனிமேல் இடுகாட்டுப் பக்கம் பார்த்துப் போகணும். பெண்கள் அதோடு நின்றுவிடுவார்கள். ஆகவே கடைசி அழுகை அங்கேதான். அக்காவைப் பிரித்து இழுக்கவே வெகுநேரம் ஆயிற்று. இறக்கும்போது சித்தப்பா இன்ஜினை அமர்த்துவது என் பின்னால் கேட்டது. நல்லதுதான், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்பீக்கர் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. அதற்குத் தனி பேட்டரி இருக்கும் என்றே நம்பினேன். வேறெப்படி நினைப்பேன்? தெற்குப் பார்த்து, தோளில் குடத்தோடு, ஓரக்கண்ணால்கூடத் திரும்பிப் பார்க்காமல் நின்றேன்.

பிறகு ஏற்றினார்கள். ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். தெருவுக்குள் நுழைந்தோம்.

தெரு சுத்தமாக இருந்தது. கதவுகள் பாதி சாத்தியிருந்தன. ஓரத்தில் தார்ப்பாயில் மல்லாட்டைக் கடலை காய்ந்தது. வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் வாசலில் நின்று, எங்களைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்கள் செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்தார்கள். எனக்குப் பின்னால் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போனேன். நாலைந்து வீடு தாண்டியிருப்போம். ஒரு தாளம் தவறியது. மறுபடி ஒன்று. பிறகு டப்பென்று ஒரு வெடி, சித்தப்பா ஆக்சிலேட்டரை மிதிக்கிற மூச்சு, அப்புறம் சத்தமே இல்லை.

திரும்பக்கூடாது. திரும்பிவிட்டேன்.

எல்லாரும் பாய்ந்து வண்டியைத் தள்ளினார்கள். சக்கரம் நிற்பதற்குள் கை வைத்துவிட்டார்கள், அது சத்தியம். உருண்டது. கொஞ்ச தூரம்தான். அடுத்து ஒரு வேகத்தடை. இந்தப் பக்கம் ஏறி, அந்தப் பக்கம் இறங்காமல், முன்சக்கரம் முட்டிக்கொண்டு, வண்டி நின்றது.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து தடித்த குரல் வந்தது: "நின்னுடுச்சிப்பா."

"தள்ளுங்க, ஜல்தி தள்ளுங்க. இங்க வச்சி ரிப்பேரு பேஜாரு எல்லாம் வேணாம்" என்றார் இன்னொருவர். என் வயசுப் பையன் ஒருத்தன், திண்டிவனம் பஸ்ஸில் எனக்கு சீட் போட்டு வைத்திருக்கிறவன், போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

குடத்தோடு பானெட்டைத் தூக்கினேன். தார் கருகின வாடை. காயிலின் தலையில், பிளஸ் முனையில், என் ஒயரோடு இன்னும் இரண்டு சிவப்பு ஒயர். டேப்பை அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்தார்கள். பல்புக்கும் பாட்டுக்கும் கரண்ட் அங்கேதான் எடுத்திருந்தார்கள், கைக்கு எட்டின முதல் முனை அதுதான். சாவி போட்டால்தான் அதில் கரண்ட் வரும். ஆகவே மதகில் இன்ஜின் அமர்ந்த பிறகும் தங்கச்சிக்கான பாட்டு நிற்கக்கூடாது என்று மாமன்கள் சாவியை மறுபடி போட்டு விட்டுவிட்டார்கள். இன்ஜின் சுற்றாதபோது பிளாட்டினம் மூடின நிலையில் நின்றிருந்தால் காயிலுக்குக் கரண்ட் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். அக்கா அழுது முடிக்கிறவரைக்கும் காயில் வெந்துகொண்டிருந்தது. மூன்று ஓம் இருக்கட்டும், முப்பது கடை அலைந்து வாங்கினதாக இருக்கட்டும், அதற்குத் தப்பாது.

தொட்டுப் பார்த்தேன். விரல் தோல் ஒட்டிக்கொண்டது.

ஆறினால் ஓடும். தண்ணீர் வேண்டும். இரண்டு எட்டில் தெருக்குழாய் இருந்தது. அதற்குப் பக்கத்து வாசலில் ஒரு அம்மா குழாயில் ரப்பர் ட்யூப் மாட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்ப்பதை அவர்கள் பார்த்தார்கள். குனிந்து குழாயைத் திருகி மூடிவிட்டு, ட்யூபைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். திட்டவில்லை, முறைக்கவில்லை.

ஈரத் துண்டைக் காயில்மேல் சுற்றினேன். அது சுர்ரென்று காய்ந்தது. பிறகு தோளிலிருந்த குடத்தைச் சாய்த்தேன். மூத்த மாமா "டேய், டேய்!" என்று ஓடிவந்தார். சித்தி கடைசியாகக் குடித்த தண்ணீர் மெல்ல மெல்லத் துண்டுமேல் விழுந்து, ஆவியாகி, என் முகத்தில் அடித்தது. குடம் காலியாகும்வரை ஊற்றினேன். சிவப்பு ஒயர்களைப் பிய்த்து எறிந்தேன்.

"அடிங்க சித்தப்பா."

எழுந்தது.

பாலம் ஏறி இறங்கி இடுகாட்டு வாசலுக்குப் போனோம். சித்தப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. அமர்த்தினால் மறுபடி எழாதோ, திரும்பி அந்தத் தெரு வழியாகத்தானே போகணும் என்று பயம். ஆக்சிலேட்டரில் கால் வைத்தபடி, உறுமவிட்டுக்கொண்டே, கண்ணாடி வழியாகத் தன் பெண்சாதியைக் குழியில் வைப்பதைப் பார்த்தார். கைப்பிடி மண்ணைத் தட்டில் அவரிடம் எடுத்துப் போய்த் தொடவைத்துக் கொண்டுவந்து போட்டார்கள்.

குடம் சும்மா இருந்தது. வெறுங்குடத்தைச் சுற்றக்கூடாது என்றார்கள். பக்கத்தில் தண்ணீர் என்றால் வாய்க்கால்தான். மூத்த மாமா இறங்கி மொண்டு வந்து என் தோளில் வைத்தார். கலங்கல் தண்ணீர். அதைத்தான் சித்தியைச் சுற்றிக் கொட்டினேன். இன்ஜின் சத்தத்தில், அந்தத் தூரத்தில், சித்தப்பாவுக்கு அது தெரிந்திருக்காது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் காலனியில் இன்னொரு சாவு. ஊர்த்தரப்பில் போய்க் கேட்டபோது அதே ஆள், அதே கன்னத்தில் வெற்றிலையோடு, "பேசினது பேசினதுதானேப்பா. நின்னுச்சில்ல?" என்றார். படம் இருக்கிறது என்றும் சொன்னார். வாய்க்காலில் இறங்கினோம். நான் மறுபடி பின்பக்கத் தோள்.

திரும்பி வந்து, ஈரத்தோடு ஜீப் பக்கம் போனேன். காயிலைக் கழற்றாமலே மீட்டரை வைத்தேன். மூன்று ஓம். பழுதே இல்லை. பல்புக்கும் ஸ்பீக்கருக்கும் பேட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர் இழுத்து, தனி சுவிட்ச் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, எனக்கே வைக்கணும் போல இருந்தது. சித்தப்பா வந்து ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். முதல் தொடலிலேயே எழுந்தது. கொஞ்சநேரம் ஓடவிட்டு அமர்த்தினார். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க சித்திய தண்ணியில எறக்கல இல்லப்பா?"

"எறக்கல சித்தப்பா."

அவர் இறங்கி வந்து, காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புறங்கையைக் காயில்மேல் வைத்தார். சும்மா கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு பானெட்டை மூடினோம்.